வெள்ளிச் சங்கிலி

1753ஆம் ஆண்டு, ஜூன் திங்கள். நியூயார்க் நகரிலே, ஆங்கில மன்னரின் பெயரால் ஆட்சி செலுத்திவந்த ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் முன்னே, மோஹாக் குடியினர் சிலர் வந்து நின்றனர். அவர்தம் தலைவர் தேயனோகின். ஆங்கிலேயர் அவரை அழைத்த பெயர் ஹென்ட்ரிக். முறையிட வந்தார்கள். எங்கள் நிலம் களவு போகிறது. கொஞ்சம் கேட்டு வாங்குகிறார்கள், பத்திரத்திலே மிகுதியாக எழுதிக்கொள்கிறார்கள். எல்லையிலே பிரெஞ்சுக்காரர் நடமாட்டம் பெருகுகிறது. நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நீங்களோ எங்களைக் காப்பின்றி விட்டிருக்கிறீர்கள் — இது முறையீடு. கேட்டார் ஆளுநர். ஆல்பனியிலே இதற்கென அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார். எந்த அதிகாரிகள்மீது துளியும் நம்பிக்கை இல்லையோ, அந்த அதிகாரிகளிடமே போகச் சொன்னார்!

ஹென்ட்ரிக் விடையிறுத்தார். உங்களுக்கும் எங்களுக்கும் இடையே இருந்த சங்கிலி அறுந்தது. இனி எம்மிடமிருந்து உமக்குச் சேதி வராது, உம்மிடமிருந்து சேதி கேட்கவும் எமக்கு விருப்பமில்லை என்பது அவர் உரையின் கருத்து. சொன்னார், வெளியேறினார்.

எந்தச் சங்கிலி? கோட்டை வாயிலிலே தொங்கிய இரும்புச் சங்கிலியா, கப்பலின் நங்கூரச் சங்கிலியா? எந்தக் கொல்லன் உலையிலும் அது காய்ச்சப்படவில்லை. எந்தத் தட்டானும் அதை வார்க்கவில்லை. எவர் கண்ணும் கண்டதில்லை. ஆயினும், அது அறுந்தது என்ற சேதி அட்லாண்டிக் கடலைத் தாண்டி லண்டன் மாநகரை எட்டியதும், குடியேற்ற நாடுகளின் பொறுப்பேற்றிருந்த வணிக வாரியத்தார் பதறினர். அதே ஆண்டு செப்டம்பரிலே ஆணை பிறந்தது: உடனே கூடுங்கள், அந்த மக்களுடன் உறவைச் செப்பனிடுங்கள்! 1754இல் ஆல்பனி நகரிலே ஏழு குடியேற்றங்களின் பேராளர்கள் கூடினர். பெஞ்சமின் பிராங்க்ளின் தம் புகழ்பெற்ற ஒன்றியத் திட்டத்தை வைத்தது அந்த மாநாட்டிலேதான். அமெரிக்க வரலாற்று ஏடுகள் அத் திட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். மாநாடு கூட நேர்ந்ததற்குக் காரணம் ஓர் உருவகம் அறுந்துபோனது என்பதை ஓரிரு வரியிலே ஒதுக்கிவிடும்.

பள்ளியிலே அணியிலக்கணம் கற்பிப்பவன் நான். 'மதிமுகம்' என்றால் உவமை, 'முகமதி' என்றால் உருவகம்; மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும் — இப்படித்தான் சொல்லித்தருகிறோம். உருவகம் என்பது கவிஞன் சொல்லுக்குப் பூட்டும் நகை என்ற எண்ணம் மாணவன் மனத்திலே பதிந்துவிடுகிறது. நகையென்றால் கழற்றிவைத்துவிடலாம் அல்லவா? ஒரு மொழியிலே சொல் பொதுவில்லை, சட்டம் பொதுவில்லை, வழிபாடு பொதுவில்லை, உறவுமுறைப் பெயர்களின் பொருள்கூடப் பொதுவில்லை. அத்தகைய இரண்டு மக்கட்கூட்டம் எதிரெதிரே அமர்ந்து போர் நிறுத்தம் பேச வேண்டும், வாணிபம் பேச வேண்டும், நிலம் பேச வேண்டும் என்றால் எதைக் கொண்டு பேசுவது? வட அமெரிக்காவிலே நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக அவர்கள் உருவகத்தைக் கொண்டுதான் பேசினார்கள். அங்கே அது நகையாக இல்லை, ஒப்பந்தமாகவே இருந்தது. இருவரும் சேர்ந்து சுமந்த வரையிலே அது அவர்களை ஒருவர்க்கொருவர் புரியவைத்தது. ஒருவர் மட்டும் சுமக்க, மற்றவர் வாயளவிலே உச்சரித்தபோது, அதே உருவகம் ஏமாற்றுக் கருவியாயிற்று.

நம் பழைய பாட நூல்கள் 'செவ்விந்தியர்' என்று ஒரே சொல்லிலே அடக்கிவிட்ட மக்களில் ஒரு பகுதியினர் இவர்கள். தங்களை ஹோடெனோசோனி என்றழைத்துக்கொண்டனர். நெடுவீட்டு மக்கள் என்பது பொருள். பிரெஞ்சுக்காரர் இரோகுவாய் என்றனர். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயுகா, செனக்கா என ஐந்து குடிகள். 1722 வாக்கிலே டஸ்கரோராவும் சேர ஆறாயிற்று. இன்றைய நியூயார்க் மாநிலத்தின் குறுக்கே, கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாக வாழ்ந்தனர். மரப்பட்டை வேய்ந்த நீண்ட வீடு ஒன்றிலே பல குடும்பங்கள், குடும்பத்துக்கோர் அடுப்பு என வாழ்வது அவர்கள் வழக்கம். நாடு முழுவதையும் அப்படியொரு வீடாகவே எண்ணினர். கிழக்கு வாசல் காப்போர் மோஹாக். மேற்கு வாசல் காப்போர் செனக்கா. நடுவீட்டு நெருப்பைக் காப்போர் ஒனொண்டாகா. ஒருவரையொருவர் கொன்று குவித்த ஐந்து குடிகளை ஒன்றாக்கிய பெரியவர், போர்க்கருவிகளையெல்லாம் ஒரு வெண்பைன் மரத்தின் வேரடியிலே புதைக்கச் செய்தார் என்பது அவர்கள் மரபுரை. அரசியல் சட்டம் என்று நாம் தாளில் எழுதிவைப்பதை அவர்கள் வீடாகவும் மரமாகவும் நெருப்பாகவும் நினைவில் வைத்திருந்தார்கள். வீடென்றால் வாசல் எங்கேயிருக்கிறது, யார் திறப்பது, அடுப்பை யார் அணையாமல் காப்பது என்று சிறு பிள்ளைக்கும் தெரியுமே! இன்னொன்றும் கேளுங்கள்: தலைவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், தவறினால் பதவியிலிருந்து இறக்கும் உரிமையும் குலத்தாய்மாரிடம் இருந்தன. ஐரோப்பாவிலே பெண்ணுக்கு வாக்குரிமை என்ற பேச்சே எழாத காலத்திலே!

வெள்ளையர் பேச்சுவார்த்தைக்கு வந்தபோது, அவர்கள் பழகியிருந்தபடி மேசை, மை, முத்திரை என்று தொடங்க இயலவில்லை. ஊர் எல்லையிலே, காட்டின் விளிம்பிலே நிற்க வேண்டும். ஊரார் வந்து மூன்று சொல் சொல்வார்கள். வழியெல்லாம் நீ கண்டு வந்த சாவுகளால் உன் கண் கலங்கியிருக்கும். மென்மையான மான்தோலால் துடைக்கிறோம். உன் காதிலே தீய சேதிகள் அடைத்திருக்கும், அடைப்பை நீக்குகிறோம். துயரம் உன் தொண்டையை இறுக்கியிருக்கும். நீர் தந்து தெளிவாக்குகிறோம். பிறகுதான் பேச்சு! வீண் சடங்கு என்று தள்ளிவிடத் தோன்றும் — சடங்கு என்றாலே ஐயத்தோடு பார்க்கப் பழகியவர்கள் நாம். ஆனால் இதிலே தேவரும் இல்லை, பூசாரியும் இல்லை, தட்சிணையும் இல்லை. இரு தரப்பிலும் பிணம் விழுந்திருக்கிறது. கோபத்தோடு உட்கார்ந்தால் கோபம்தான் பேசும். பார்க்கும் கண்ணும் கேட்கும் காதும் பேசும் தொண்டையும் சீராகட்டும், பின்பு பேசுவோம் என்கிற ஏற்பாடு இது. இன்று பேசியதற்கு இன்றே விடை சொல்வதும் வழக்கமில்லை. கேட்டவன் எதிராளியின் பேச்சை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லிக்காட்டிய பிறகே தன் விடையைச் சொல்ல வேண்டும். புரிந்துகொண்டேன் என்று சொன்னால் போதாது, மெய்ப்பித்துக் காட்ட வேண்டும்!

ஒவ்வொரு சொல்லோடும் ஒரு வாம்பம் கைமாறும். வெள்ளையும் ஊதாவுமாகக் கடற்சிப்பியிலே கடைந்தெடுத்த சிறு மணிகளைச் சரமாகவும் பட்டையாகவும் கோப்பார்கள், அதுதான் வாம்பம். வெள்ளையன் அதைக் காசென்று எண்ணினான். அவர்களுக்கோ அது சொல்லின் உடல். வாம்பம் இல்லாத சொல் காற்றோடு போகும். பட்டையை வாங்கிக்கொண்டால் சொல்லை ஏற்றதாகப் பொருள். தள்ளிவிட்டால் மறுத்ததாகப் பொருள். கோத்த உருவங்களைப் பார்த்து, பல ஆண்டு கழித்தும் அன்று பேசியதைச் சொல்ல வல்லவர்கள் அவர்களிடையே இருந்தனர்.

இனிச் சங்கிலிக்கு வருவோம். 1744ஆம் ஆண்டு கோடையிலே பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊரில் ஒரு பெரும் பேச்சுவார்த்தை நடந்தது. பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா ஒரு புறம். ஆறு குடிகள் மறுபுறம். மொழிபெயர்த்தவர் கொன்ராட் வைசர் என்ற ஜெர்மானியர். 1712-13ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை, பதினாறு வயதுப் பிள்ளையாக, மோஹாக் குடும்பத்தோடு கழித்து மொழி கற்றவர். குளிரையும் பசியையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டு கற்றதனால்தான், சொல்லோடு சொல்லின் பின்னால் இருந்த வாழ்வும் அவருக்குப் பிடிபட்டது. ஒனொண்டாகா பேச்சாளர் கனசடேகோ அந்த மன்றத்திலே சங்கிலியின் வரலாற்றைச் சொன்னார். முதலிலே வந்தவர் டச்சுக்காரர். அவர்கள் கொண்டுவந்த கோடரியும் கத்தியும் துணியும் எங்களுக்குப் பிடித்திருந்தன. ஆகவே அவர்கள் கப்பலைக் கரையோரப் புதரிலே கயிற்றால் கட்டினோம். உறவு வளர்ந்தது, புதர் தாங்காதென்று பெரிய மரத்திலே கட்டினோம். மரம் சாயலாம், கயிறு இற்றுப்போகலாம் என்று ஒனைடா நாட்டுப் பாறையிலே கட்டினோம். பின்னர் ஒனொண்டாகாவின் பெருமலையிலே கட்டினோம். ஆங்கிலேயர் வந்தபின் கயிறு எதற்கு, அது அறும். வெள்ளிச் சங்கிலி செய்வோம் என்றனர். அவர் கதையின் சாரம் இது. 1677இல் ஆல்பனியிலே ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் காலத்திலே உருவான உடன்பாடுகளுக்கு வழங்கும் பெயர் உடன்படிக்கைச் சங்கிலி என்பதே.

இந்தக் கதையிலே எது யாருடையது என்று பாருங்கள்! கப்பலும் சங்கிலியும் வெள்ளையன் கொண்டுவந்தவை; புதரும் மரமும் பாறையும் மலையும் இவர்களுடையவை. இருவர் வாழ்விலிருந்தும் எடுத்த பொருள்களைக் கொண்டு கட்டிய கதை. ஆகவே இருவருக்கும் விளங்கிற்று. அதோடு நிற்கவில்லை. கயிறு இற்றுப்போகும், இரும்பு துருப்பிடிக்கும், வெள்ளியோ மங்கும் — மங்கினால் மெருகேற்ற வேண்டும். உறவு என்பது ஒருமுறை கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டிவைக்கும் பத்திரமன்று. ஆண்டுதோறும் கூடி, பரிசுகளை மாற்றி, குறைகளைப் பேசித் தீர்க்க வேண்டியது என்ற சட்டக் கருத்தை, 'சங்கிலிக்கு மெருகேற்றுவோம்' என்ற இரண்டு சொல்லிலே அடக்கினார்கள். கேட்ட ஆளுநருக்கு அகராதி தேவைப்படவில்லை. வெள்ளிப் பாத்திரத்தைத் துடைக்காவிட்டால் என்னாகும் என்று அவர் வீட்டிலேயே பார்த்திருப்பாரே! மன்னரின் அதிகாரிகளும் தங்கள் கடிதங்களிலே சங்கிலி, துரு, மெருகு என்றே எழுதத் தொடங்கினர். இந்த ஒப்பந்த உரைகளை 1736க்கும் 1762க்கும் இடையிலே 13 நூல்களாக அச்சிட்டவர், அச்சகம் நடத்திய அதே பிராங்க்ளின்தான்.

பெயரிடும் கலையிலும் அவர்கள் வல்லவர்கள். பென் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எழுதுகோல் என்று பொருள் என அறிந்ததும், வில்லியம் பென்னுக்கு ஓனாஸ், அதாவது இறகு, எனப் பெயரிட்டனர். அவருக்குப் பின் வந்த பென்சில்வேனியா ஆளுநர்கள் அனைவரும் ஓனாஸ்தான். பிரெஞ்சு ஆளுநர் மோன்மானி என்பவரின் பெயருக்குப் பெருமலை என்று பொருள் சொல்லப்பட்டது. அன்று முதல் பிரெஞ்சு ஆளுநர் எவரும் ஒனொன்டியோ, பெருமலை. வர்ஜீனியா ஆளுநர் ஹோவர்டின் பெயர் டச்சு மொழியிலே வெட்டுக்கத்தியைக் குறிக்கும் சொல் போல ஒலித்ததால், அவர் வழிவந்தவர்கள் எல்லாம் பெருங்கத்தி! ஆள் போனாலும் கடமை போகாது. ஓனாஸ் தந்த வாக்கை அடுத்த ஓனாஸ் காப்பாற்ற வேண்டும் என்பது இந்தப் பெயர்களுக்குள் இருந்த கணக்கு.

இவ்வளவு நயமாக ஓடிய வண்டி எங்கே குடைசாய்ந்தது? 'தந்தை' என்ற சொல்லிலே!

பிரெஞ்சு ஆளுநர் தம்மைத் தந்தை என்றார். இம்மக்களைப் பிள்ளைகள் என்றார். அவர்களும் அப்படியே அழைத்தனர். இரு தரப்பும் முகம் மலர்ந்தது. ஆனால் ஐரோப்பியன் காதிலே தந்தை என்ற சொல் எப்படி ஒலித்தது? ஆணையிடுபவன், அடித்துத் திருத்துபவன், மன்னனுக்கு நிகரானவன். இரோகுவாய், ஹியூரான் குடிகளோ தாய்வழி மரபினர். பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. கண்டிக்கும் உரிமை தாய்மாமனுக்கு. தந்தை என்பவன் வேறு குலத்தான். அன்பு காட்டுவான், கேட்டதைக் கொடுப்பான், கட்டளையிட மாட்டான். தாய்மாமனின் இடம் எத்தகையது என்று அறிந்த தமிழர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. பிரெஞ்சு அரசவைக்கு விளங்கவில்லை. ஒருவன் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தான். மற்றவன் கொடையை எதிர்பார்த்தான். ஒரே சொல், இரண்டு ஒப்பந்தம்! 1684இலேயே ஒனொண்டாகா பேச்சாளர் ஒட்ரெயூட்டி இதை உடைத்துச் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பெருமலை எனக்குத் தந்தை, நியூயார்க் ஆளுநர் எனக்கு உடன்பிறந்தான். நான் அப்படி வைத்துக்கொள்ள விரும்பியதால் அந்த உறவு. இருவரில் எவரும் எனக்கு ஆண்டை அல்லர் என்பது அவர் கூற்றின் கருத்து.

ஆங்கிலேயரிடம் அவர்கள் உடன்பிறந்தார் என்ற சொல்லையே வற்புறுத்தியதன் காரணம் இதனால் விளங்கும். வெண்ணிறப் பட்டையிலே இரண்டு ஊதா வரிகள் இணையாக ஓடும் ஒரு வாம்பம் உண்டு. ஓர் ஆறு; அதிலே ஒரு கப்பல், ஓர் ஓடம்; அருகருகே செல்லும்; ஒருவர் கலத்தின் சுக்கானை மற்றவர் பிடிக்கமாட்டார். டச்சுக்காரருடன் 1613இல் செய்துகொண்ட உடன்பாடு இது என்பது ஹோடெனோசோனி மரபு. அந்த ஆண்டைச் சொல்லி ஒரு தாளும் காட்டப்பட்டது. அந்தத் தாள் பிற்காலப் போலி என்று ஆய்வாளர்கள் 1987இல் காட்டிவிட்டனர். சான்று கேட்கும் நாம் இதை மறைக்கவேண்டியதில்லை. தாள் போலியானாலும், டச்சுக்காரரைக் கயிற்றால் கட்டிய கதையை 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரே எழுதிவைத்திருக்கிறார்கள். சமமானவர் உறவு என்ற கருத்து அந்தத் தாளை நம்பி நிற்கவில்லை. 2013இல் அம் மக்களும் அவர்தம் வெள்ளை நண்பர்களும் ஹட்சன் ஆற்றிலே இரு வரிசையாக ஓடம் செலுத்தி, ஆல்பனிப் பகுதியிலிருந்து நியூயார்க் நகர் வரை வந்தனர்.

தந்தை என்ற சொல்லின் விலை 1763இலே தெரிந்தது. பிரெஞ்சுக்காரர் தோற்று, 1760இல் மான்ட்ரியல் ஆங்கிலேயர் வசமாயிற்று. படைத்தலைவர் ஜெஃப்ரி ஆமர்ஸ்ட் கணக்குப் பார்த்தார். ஆண்டுதோறும் பரிசு எதற்கு? இலஞ்சம்! வீண் செலவு! நிறுத்து என்றார், வெடிமருந்து விற்பனையையும் சுருக்கினார். பேரேரிகளைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களுக்கு அது சிக்கன நடவடிக்கையாகத் தெரியவில்லை. கொடுப்பதை நிறுத்திய தந்தை, தந்தையாக இருப்பதை நிறுத்தினான் என்றே பொருளாயிற்று. பான்டியாக்கின் பெயரால் அறியப்படும் போர் மூண்டது. எட்டுக் கோட்டைகள் விழுந்தன. பிட் கோட்டையிலே பேச வந்த தூதர்களுக்கு, பெரியம்மை நோயாளிகளின் போர்வைகளைப் பரிசென்று கொடுத்தனுப்பினார்கள் கோட்டையிலிருந்த கனவான்கள். பரிசு என்ற சொல்லுக்கு நாகரிகம் கண்டுபிடித்த புதுப்பொருள் அது! போர் தொடங்கிய அதே ஆண்டிலே ஆமர்ஸ்ட் திரும்ப அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு நயாகராவிலே, மோஹாக் மக்களோடு பழகி அவர்கள் மொழியின் மரபறிந்த வில்லியம் ஜான்சன், ஏறத்தாழ 2,000 பேர் கூடிய மன்றத்திலே 1764 என்று ஆண்டு கோத்த சங்கிலிப் பட்டையை வழங்கினார். மீண்டும் பரிசு, மீண்டும் மெருகு!

இவ்வளவும் சொன்னதால் ஹோடெனோசோனி மக்களைத் தூய மாணிக்கங்கள் என்று நான் வருணிப்பதாக எண்ணவேண்டாம். லங்காஸ்டரிலே சங்கிலிக் கதை சொன்ன அதே கனசடேகோ, அதற்கு இரண்டாண்டு முன்பு, 1742இல் பிலடெல்பியாவிலே பேசிய பேச்சைப் படித்தால் மனம் கசக்கும். டெலவேர் என்ற லெனாப்பே மக்களின் நிலத்தை, 1737இல் பென்னின் பிள்ளைகள் 'நடந்து அளந்த' கதை பேர்போனது. ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தொலைவு வரை உங்களுக்கு என்பது பழைய பத்திரம்; கூலிக்கு ஓட்டக்காரர்களை அமர்த்தி, முன்கூட்டியே பாதை வெட்டி, அறுபது மைலுக்கு மேல் ஓடவிட்டு, அத்தனையும் எமக்கே என்றனர். டெலவேர் மக்கள் வெளியேற மறுத்தனர். பென்சில்வேனியா அரசு கனசடேகோவை நாடியது. அவர் எழுந்து டெலவேர் தலைவர்களைப் பார்த்து, நீங்கள் பெண்கள். நிலம் விற்க உங்களுக்கு உரிமை ஏது, போங்கள் என்றார். டெலவேரைப் 'பெண்' என்பது பழைய உருவகம். போர்க்களம் போகாமல் சண்டையிடுவோரிடையே அமைதி பேசும் மதிப்புள்ள பணி அது என்பதே டெலவேர் மரபு. குலத்தாய்மார் தலைவரை ஆக்கும் நாட்டிலே பெண் என்பது இழிசொல்லாகுமா? ஆனால் ஆங்கிலேயர் கூடியிருந்த அவையிலே, ஆங்கிலேயருக்கு வேண்டிய வேலைக்காக அது வசைச்சொல்லாக வீசப்பட்டது. பெண் என்றால் உரிமையற்றவள் என்பது அந்த அவைக்கு இயல்பாகவே விளங்கிற்று! இரு பண்பாடும் அன்று ஒரு சொல்லிலே ஒன்றுபட்டன. அதற்கு ஈடாக ஒரு மக்கள் தம் நிலத்தை இழந்தனர்.

கனசடேகோவுக்கும் பாடம் கிடைத்தது. லங்காஸ்டரிலே மேசையருகே எழுத்தர்கள் கிறுக்கிக்கொண்டிருப்பதைச் சுட்டி, இந்தப் பேனா-மை வேலையால்தான் எங்கள் நிலம் போகிறது என்று அவரே குறைகூறினார். குறைகூறிய அதே கூட்டத்திலேயே அதுவும் நடந்தது. ஷெனன்டோவா பள்ளத்தாக்கைப் பற்றிய உரிமையை விட்டுக்கொடுத்தோம் என்று ஆறு குடியினர் எண்ணினர். பத்திரத்திலோ, வர்ஜீனியாக் குடியேற்றத்துக்குள் அடங்கும் நிலம் அனைத்தும் என்று எழுதியிருந்தது. வர்ஜீனியாவின் எல்லை, 1609ஆம் ஆண்டு அரச சாசனப்படி, மேலைக் கடல் வரை! மன்றத்திலே எல்லாரும் கேட்கச் சங்கிலி பேசினார்கள். தாளிலே, படிக்கத் தெரிந்தவன் மட்டும் அறிய, எல்லை எழுதினார்கள். எழுத்து உண்மையைக் காக்கும், வாய்ச்சொல் கதையாகிப்போகும் என்று எழுத்தறிவைப் பரப்பும் நாம் சொல்லிவருகிறோம். அது மெய்தான், எழுத்து இரு தரப்பார் கையிலும் இருக்கும்போது!

ஐக்கிய அமெரிக்கா பிறந்தது. விடுதலைப் போரிலே ஆறு குடிகளும் பிளவுபட்டன. பெரும்பகுதி ஆங்கிலேயர் பக்கம் நின்றது. 1779இல் ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களையும், விளைந்து நின்ற சோளக் கொல்லைகளையும் எரித்தது. வாஷிங்டனுக்கு அவர்களிட்ட பெயர் ஊரழிப்பான். பெயர் பதவியோடு போகும் என்ற அவர்கள் வழக்கப்படி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் எவராயினும் அவர்களுக்கு இன்றும் ஊரழிப்பான்தான்.

1784இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையிலே புதிய அரசின் ஆணையர்கள் பழைய மொழியைத் தூக்கியெறிந்தனர். கண்ணீர் துடைப்பதா? சங்கிலியா? நீங்கள் தோற்றவர்கள், கேட்டதைக் கொடுங்கள் என்றனர், பிணையாளிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு கையொப்பம் வாங்கினர். ஒளிவுமறைவில்லாத பேச்சுதான்! அதன் விளைவாக ஆறே ஆண்டிலே எல்லைப்புறம் மீண்டும் கொந்தளித்தது. 1790இல் செனக்கா மக்கள் இருவரை வெள்ளையர் கொன்றுவிட, மேற்கே போர் நடந்துகொண்டிருக்க, இவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்களோ என்ற அச்சம் வாஷிங்டனைப் பிடித்தது. தயோகா முனைக்கு திமொதி பிக்கரிங் என்பவரை அனுப்பினார். நியூ இங்கிலாந்துக்காரர், கறாரானவர், இம்மக்களோடு பேசிப் பழகாதவர். செனக்கா பேச்சாளர் செஞ்சட்டை அவருக்கு மன்றத்திலேயே முறையைக் கற்பித்தார்: முதலில் இறந்தவருக்காகத் துயர் ஆற்று, பிறகு பேசு. பிக்கரிங் கற்றுக்கொண்டார். கண்ணீரைத் துடைத்தார், கோடரியைப் புதைத்தார், சங்கிலிக்கு மெருகேற்றினார். படித்த மனிதர் ஒருவர், படிக்காதவர் என்று தம் நாடு இகழ்ந்தவரிடம் மாணவராக அமர்ந்தார்!

பலன், 1794 நவம்பர் 11இல் கனன்டேகுவாவிலே எழுதப்பட்ட ஒப்பந்தம். இன்னின்ன நிலம் உங்களுடையது; ஐக்கிய அமெரிக்கா அதற்கு உரிமை கொண்டாடாது, உங்களைத் தொல்லைப்படுத்தாது; ஆண்டுதோறும் 4,500 டாலர் பெறுமான பொருள் தரும் என்றது. அன்றைய உறவின் அடையாளமாக ஓர் ஆறடிப் பட்டை இருக்கிறது: பதின்மூன்று மாநிலங்களுக்குப் பதின்மூன்று மனித உருவம், நடுவிலே ஒரு வீடு, வீட்டருகே இருவர், எல்லாரும் கைகோத்து நிற்கிறார்கள்.

கைகோத்தல் எத்தனை நாள்? 1960களின் தொடக்கத்திலே பென்சில்வேனியாவின் அலிகேனி ஆற்றிலே கின்சுவா அணை கட்டினார்கள். அணை நீர் செனக்கா நிலத்திலே ஏறத்தாழ 10,000 ஏக்கரை மூழ்கடிக்கும். ஒப்பந்தத்தைக் காட்டி முறையிட்டனர். 1961இல் குடியரசுத் தலைவர் கென்னடி, வேலையை நிறுத்த இயலாது என்று எழுதிவிட்டார். ஏறத்தாழ 600 பேர் வீடிழந்தனர். வாஷிங்டனிடம் நேரில் நியாயம் கேட்ட செனக்கா தலைவர் கார்ன்பிளான்டரின் கல்லறையையும் பெயர்த்து வேறிடம் கொண்டுபோனார்கள். 1965இல் அணை முடிந்தது.

வாம்பப் பட்டைகளும் அருங்காட்சியகங்களுக்குப் போயின. நியூயார்க் மாநில அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பன்னிரண்டு பட்டைகளை 1989இல்தான் ஒனொண்டாகா மக்களிடம் திருப்பித் தந்தது. பட்டையைப் படிக்கும் பழக்கம் அதுவரை செத்துவிடவில்லை; பட்டை இல்லாமலே பாடம் சொல்லி வந்திருக்கிறார்கள்.

கனன்டேகுவா ஒப்பந்தத்தின் 4,500 டாலரிலே ஒரு பகுதி, இன்றும் ஆண்டுதோறும் துணியாகவே வருகிறது. மக்கள் தொகை பெருகிவிட்டது, விலைவாசி ஏறிவிட்டது, தொகை மட்டும் 1794ஆம் ஆண்டுத் தொகைதான். ஆளுக்குக் கிடைப்பது முழக்கணக்கிலே கொஞ்சம். சட்டை தைக்கவும் போதாத அந்தத் துணியை ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்குகிறார்கள். நவம்பர் 11 அன்று கனன்டேகுவாவிலே கூடுகிறார்கள். சங்கிலிக்கு மெருகேற்றுகிறோம் என்று சொல்கிறார்கள்.